120 நாள் உத்தியோகம்

அக்கா மகன் சென்ற மாதம் ஒரு ஜப்பானிய அனிமே தொடரைப் பரிந்துரைத்தான். "இதைப் பாருங்கள் மாமா, அப்புறம் நீங்களாகவே வாயைக் கட்டுவீர்கள்" என்றான். என் வலது கால் பெருவிரலும் அதில் குடியேறிய யூரிக் அமிலமும் (மருத்துவர்கள் வைத்த பெயர் கௌட்) எங்கள் குடும்பத்தின் பொதுச்சொத்தாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். இவன் கார்ட்டூன் எழுதிக் கொடுத்தான்.

தொடரின் பெயர் 'செல்ஸ் அட் ஒர்க்! கோட் பிளாக்'. மொத்தம் 13 அத்தியாயங்கள். மூன்று இரவுகளில் பார்த்து முடித்தேன். வாயைக் கட்டினேனா என்பதை விடுங்கள். இதை உடல்நலப் பிரசாரப் படமாக நினைத்துக்கொண்டு சர்க்கரைக்காரர்களுக்கும் கொழுப்புக்காரர்களுக்கும் அனுப்பிவைக்கிறார்களே, அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. (கதையின் முக்கியமான ஓர் இடத்தை உடைக்கப்போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் இத்தோடு விலகிக்கொள்ளலாம்.)

மூலக்கதை அகானே ஷிமிசு 2015இல் தொடங்கிய 'செல்ஸ் அட் ஒர்க்!' என்ற மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. உடல் ஒரு நகரம். பிராணவாயுப் பெட்டியைச் சுமந்து வழி தவறித் திரியும் சிவப்பணு ஒரு பெண். கத்தியும் கையுமாகக் காவல் காக்கும் வெள்ளையணு ஓர் ஆண். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகள் பாலர் வகுப்புக் குழந்தைகள். சிராய்ப்பு வரும், மகரந்த ஒவ்வாமை வரும், எல்லாரும் கூடி ஓடிச் சரிசெய்வார்கள். சமத்தான உடல். 'ஷோனென் சிரியஸ்' என்ற சிறுவர் மாத இதழில் வந்த கதைக்கு அதுதான் பொருத்தம்.

அதன் கிளைக்கதையான 'கோட் பிளாக்' வந்த இடம் வேறு. ஷிகெமிட்சு ஹராதா எழுத, ஷிமிசுவின் மேற்பார்வையில் 2018இல் 'மார்னிங்' வார இதழில் தொடங்கியது. வேலைக்குப் போகும் வளர்ந்த ஆண்களுக்கான இதழ் அது. தலைப்பில் இருக்கும் 'பிளாக்' எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊழியர்களைச் சக்கையாகப் பிழியும் அலுவலகத்துக்கு ஜப்பானில் 'பிளாக் கிக்யோ', கறுப்பு நிறுவனம் என்று பெயர். வேலை செய்தே சாவதற்கு 'கரோஷி' என்று ஒரு சொல்லும், அதைத் தடுக்க 2014இல் இயற்றப்பட்ட ஒரு சட்டமும் உள்ள நாடு அது. மாதத்துக்கு 80 மணி நேரம் கூடுதல் வேலை சில மாதங்கள் தொடர்ந்தால், அதன்பின் வரும் மாரடைப்புக்கு அந்த வேலையைக் காரணமாகக் கொள்ளலாம் என்று அரசாங்கமே கோடு கிழித்து வைத்திருக்கிறது.

இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். ஏஏ2153 என்ற புதிய சிவப்பணு (இங்கே ஆண்) முதல் நாள் வேலைக்கு வருகிறான். ரத்தக்குழாய்ச் சுவரெல்லாம் கொழுப்பு. மூத்தவர்கள் சிடுசிடுக்கிறார்கள். அன்றைக்கென்று பார்த்து, பத்து வருடங்களுக்கு முன்பு விட்ட சிகரெட்டை இந்த உடம்பின் சொந்தக்காரர் மறுபடி பற்றவைக்கிறார். பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வருகிறது. சுமக்க வேண்டிய கை கட்டப்படுகிறது, சுமை மட்டும் குறைவதில்லை. இதைப் பார்த்து நுரையீரலை நினைத்தவர்கள் நினைக்கட்டும். எனக்கு, ஆள் குறைப்புக்குப் பிறகு மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் பிரிவுதான் நினைவுக்கு வந்தது.

கல்லீரலைக் காட்டும் இடம் இன்னும் குறும்பு. பெண்கள் பக்கத்தில் அமர்ந்து மது ஊற்றிக்கொடுக்கும் கேளிக்கை விடுதியாக அதை வரைந்திருக்கிறார்கள். அசதியோடு வரும் சிவப்பணுக்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்று, அவர்கள் கொண்டுவரும் ஆல்கஹாலின் விஷத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்கிறார்கள் கல்லீரல் செல்கள். அடுத்தவன் களைப்பை வாங்கிக்கொள்வதே தொழிலான ஓர் உறுப்பு. அபாரமான கற்பனை. ஆனால் அதே கையோடுதான் இங்கே பெண்ணாக வரும் வெள்ளையணுவின் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவைத்து வரைந்திருக்கிறார்கள். தலைக்குத் தலை பாக்டீரியாவை வெட்டுகிறவளுக்கு அந்தச் சட்டை எதற்கு? இதழின் வாசகர்கள் ஆண்கள் என்பதற்கு இதுவும் சாட்சி.

சரி, உடைக்கப்போவதாகச் சொன்ன இடம். நாயகனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன் ஏசி1677, கண்ணாடி போட்டவன், கொஞ்சம் சோம்பேறி, இருவரில் வெகுளியும் அவன்தான். இரைப்பைப் புண்ணின் ஓரத்தில் நாயகனைக் காப்பாற்றப்போய் அமிலத்தில் விழுந்துவிடுகிறான். வீரமரணம் போன்ற இசைச் சடங்கெல்லாம் அவனுக்கு அதிகம் வாய்க்கவில்லை. கோடிக்கணக்கான சிவப்பணுக்களில் ஒன்று குறைந்தால் உடம்புக்குத் தெரியுமா? தெரியாது. மேலே இருக்கும் அந்த மனிதர் அந்த நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதாவது கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வழக்கு இங்கேதான். அந்த மனிதரைத் திட்டுவதற்காகப் பலர் இந்தத் தொடரைப் பார்க்கிறார்கள். குடிக்கிறான், புகைக்கிறான், இவன் செல்கள் பாவம் என்கிறார்கள். விட்ட சிகரெட்டைப் பத்து வருடங்கள் கழித்து ஒருவன் ஏன் எடுத்தான் என்று கேட்பதில்லை. அவர் கதையை நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. உள்ளே வந்து விழுவதைக் கொண்டு நாம்தான் ஊகிக்க வேண்டும். அழுத்தம் வருகிறது, முடி கொட்டுகிறது, மது வருகிறது. அவரும் ஏதோ ஒரு பெரிய உடம்பில் பெட்டி தூக்கும் சிவப்பணுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த உடம்பின் முதலாளி என்ன புகைக்கிறார் என்பது அவருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு கதைகளையும் சேர்த்து 2024இல் வந்த திரைப்படத்தில் இந்த ஊகத்துக்கு வேலையே வைக்கவில்லை. ஒழுங்கில்லாமல் வாழும் அப்பா, ஆரோக்கியமான மகள், இருவருடைய உடல்களும் மாறி மாறி வரும். அப்பாவுக்கு முகம் கிடைத்ததும் நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். முகமில்லாதவர்மேல் கோபமும் கரிசனமும் மாறி மாறி வந்துகொண்டிருந்ததே, அந்த அவஸ்தை அங்கே இல்லை.

கௌட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பெருவிரல் மன்னிக்காது. இரவு இரண்டு மணிக்குப் போர்வையின் ஓரம் பட்டால் கத்தியால் கீறியதுபோல் இருக்கும். மின்விசிறிக் காற்றே கனமாகத் தெரியும். ஊசி ஊசியான யூரேட் படிகங்களைக் கிருமி என்று நினைத்து வெள்ளையணுக்கள் பாய்ந்து விழுங்கப்பார்க்கும். விழுங்க முடியாமல் வெடித்துச் சாகும். அந்தக் கலவரம்தான் வீக்கம். எனக்கு வலித்ததெல்லாம் என் பக்கத்து ஆட்கள் விசுவாசமாக வேலை பார்த்ததால் என்று தெரிந்த பிறகு, விரலைத் திட்டுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன்.

தொடரில் ஒரு பெரிய பொய் உண்டு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். புகை, கல்லீரல், சிறுநீரகம், புண், மாரடைப்பு என்று ஒரு மனிதன் பல வருடங்களாகச் சேர்த்துவைப்பதை எல்லாம் ஒரே சிவப்பணுவின் உத்தியோகக் காலத்துக்குள் திணித்திருக்கிறார்கள். கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த 120 நாள் கணக்கு என்னைச் சும்மா விடவில்லை. சர்க்கரைக்கு 'மூன்று மாதச் சராசரி' என்று ஒரு சோதனை எடுக்கிறோமே, அது வேறொன்றுமில்லை. ரத்தத்தில் மிஞ்சும் குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்தச் சிவப்பணு சாகும்வரை போகாது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். என்னிடம் வேலை பார்த்தவர்களின் சட்டைக் கறையைப் பார்த்து என்னைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள்.

போன வாரம் அந்தச் சோதனைக்குப் போனேன். ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி எடுத்தார் ஆய்வகப் பெண். மூன்று மில்லியில் சுமார் 1500 கோடிச் சிவப்பணுக்கள் இருக்கும். அதில் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா?" என்றார்.

"இல்லையம்மா" என்றேன்.

அவர் குழாயை நாலைந்து முறை மெல்லப் புரட்டி, என் பெயர்ச்சீட்டை ஒட்டித் தாங்கியில் செருகினார். அங்கே ஏற்கெனவே முப்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள்.