கடாரத்துக்குப் போகிறோம், கெனரேட்டரை மறக்காதே

எங்கள் பினாங்கு வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் கேம்பிங் அறிவிப்பு வந்துவிட்டது, பக்கத்துக் கெடா மாநிலத்தின் ஜெராய் மலையடிவாரத்துக்கு. "பசுமைப் பயணம்! கடாரத்து மண்ணில் ஓர் இரவு! இயற்கையோடு கலப்போம்!" அதற்குக் கீழே சாமான் பட்டியல். ஐஸ் தோங் (ஐஸ் பெட்டி) நான்கு. கரி இரண்டு மூட்டை. மடக்கு மேசை, சீரியல் பல்பு, காரோக்கே ஸ்பீக்கர். பிளாஸ்டிக் தட்டும் கப்பும் ஒரு பெட்டி. கெனரேட்டர் யார் கொண்டு வருவது என்று ராத்திரி முழுக்க விவாதம் ஓடியது. குப்பையை யார் திரும்பக் கொண்டு வருவது என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இத்தனைக்கும் நாம் பினாங்குக்காரர்கள். 2011-இலிருந்து இங்கே கடையில் எந்த நாளும் பிளாஸ்டிக் பை இலவசம் கிடையாது. கேஷியரை முறைத்து முறைத்தே துணிப்பை கொண்டு போகப் பழகிய ஊர் இது. தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைத் தாண்டியதும் அந்தப் பழக்கம் எங்கே போகிறது? பாதிப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிக் கடலில் போட்டுவிடுகிறார்களா?

ஜெராய் மலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயரம் 1,217 மீட்டர். கடலோரத்தில் தனியாக எழுந்து நிற்கும் மலை. வானம் தெளிந்திருந்தால் நம் தீவிலிருந்தே தெரியும். அந்தக் காலத்துக் கப்பலோட்டிகளுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடல் தாண்டிப் போய் வென்றதாகக் கல்வெட்டு சொல்லும் கடாரம் இந்தப் பக்கம்தான் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். இதைச் சொன்னாலே நம்மாட்களுக்கு மீசை துடிக்கும். டீசட்டையில் புலி, காரின் பின்கண்ணாடியில் புலி. இருக்கட்டும், பெருமை தப்பில்லை. அந்தப் பெருமை அங்கேயுள்ள மெர்போக் அருங்காட்சியகத்தின் கார் நிறுத்துமிடத்தோடு தீர்ந்துவிடுகிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அருங்காட்சியகத்தை ஒட்டி ஓடைப் பக்கமாகப் போனால் புக்கிட் பத்து பஹாட் சண்டி, அதாவது பழங்காலக் கோயில். கருங்கல் அடுக்கிய மேடை, முன்னால் மண்டபத் தளம், தூண் நிறுத்திய கல் அடிமானங்கள். மேலே மரமும் ஓலையும் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதெல்லாம் மக்கி, கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. போன தடவை பார்த்தபோது ஒரு கல்லின் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் சிகரெட் துண்டுகளும் மைலோ பாக்கெட்டின் ஸ்ட்ராவும் மிதந்துகொண்டிருந்தன. மேடை மேல் ஒரு குடும்பம் பாய் விரித்து நாசி லெமாக் பொட்டலம் பிரிக்கிறது. பக்கத்திலேயே ஒரு தம்பி, நெஞ்சில் பாயும் புலி, கையைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறான், செருப்புக் காலோடு. "எம் முன்னோர் கோயில்" என்று அவனே அன்று ராத்திரி தலைப்பும் போட்டிருப்பான்.

2013-இல் இதே பள்ளத்தாக்கின் சுங்கை பத்து தோட்டத்தில் 11-ஆம் எண் சண்டியை நில மேம்பாட்டுக்காக இடித்துத் தரைமட்டமாக்கிய செய்தி வெளியே வந்தது. நாடே கொதித்தது. நம்மவர்கள் ஒரு படி மேலேயே கொதித்தோம். நியாயமான கொதிப்பு. ஆனால் அன்றைக்குக் கத்தியவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு மிச்சமிருக்கும் மேடையின் மேல் ஐஸ் தோங் வைக்காமல் இருக்கிறார்கள்?

சரி, இரவுக்கு வருவோம். மலையடிவாரத்தில் இருட்டிய பிறகு தவளை, பூச்சி, ஓடை என்று ஒரு சத்தம் இருக்கிறது. அதைக் கேட்கத்தானே காசு கொடுத்துப் போகிறோம்? எனக்குக் கிடைத்தது என்ன? இந்தப் பக்கத்துக் கூடாரத்தில் எண்பதுகளின் காதல் தோல்விப் பாட்டு. அந்தப் பக்கம் டப்பாங்குத்து. ஓடைக்கு அக்கரையில் டங்டுட் ஆட்டப்பாட்டு. மூன்றுக்கும் சேர்த்துத் தாளம் போட ஒரு கெனரேட்டர். பொறுக்க முடியாமல் எழுந்து போய், "தம்பி, மணி ஒன்றரை ஆகிவிட்டது" என்றேன். "ரிலாக்ஸ்லா அண்ணே, கேம்பிங்தானே, வீட்டுலயா இருக்கோம்?" என்கிறான். உண்மைதான். வீட்டில் இப்படிப் போட்டால் மேல்மாடி ஆன்ட்டி போலீசுக்கு அடித்துவிடுவார். இங்கே மரத்தில் தூங்கும் லோத்தோங் குரங்கிடம் போன் இல்லை.

விடிந்ததும் அடுத்த கூத்து. எல்லாவற்றையும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி மரத்தடியில் வைத்துவிட்டு, "இடத்தைச் சுத்தமா விட்டுட்டோம்" என்று குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கார் திரும்புவதற்குள் குரங்குக் கூட்டம் இறங்குகிறது. பையைக் கிழித்து, கோழி எலும்பு, மெகி உறை, பிள்ளையின் நெப்பி என்று எல்லாவற்றையும் ஓடை வரைக்கும் இழுத்துப் போகிறது. அப்புறம் "இங்கே குரங்குத் தொல்லை அதிகம்" என்று ஒரு புகாரும் எழுதுவார்கள்! அண்ணன்மார்களே, அதே காரில்தானே இத்தனையும் வந்தது? முழுப் போத்தலுக்கு இடம் இருந்தது, காலிப் போத்தலுக்கு இல்லையா?

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல். கூடாரம் போடும் இடத்தைப் பார்த்தால் பயமே வருகிறது. ஓடைக்கு ஓர் அடி தள்ளி. உள்ளே படுத்துக் காலை நீட்டினால் தண்ணீரில் பட வேண்டுமாம், ரீல்ஸில் அழகாக இருக்குமாம். இதே ஜெராய் மலையில்தான் 2021 ஆகஸ்ட் 18 அன்று கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து பாயும் திடீர் வெள்ளம், இறங்கியது. மரமும் பாறையும் சேறுமாக யான் என்ற ஊர்ப் பக்கம் வந்து 6 உயிரைக் கொண்டு போனது. கீழே உங்களுக்கு ஒரு சொட்டுக்கூட விழாது. மேலே கொட்டியிருக்கும். விழுந்த மரத்திலும் குப்பையிலும் தண்ணீர் அடைபட்டு நின்று, தாங்காமல் உடைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாக வரும். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தால், ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று வற்றினால், செருப்பைக்கூடத் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். மேலேயிருந்து வரும் இரைச்சல்தான் கடைசி எச்சரிக்கை. காரோக்கேக்கு நடுவில் அது யார் காதில் விழப்போகிறது?

அடுத்த ஆண்டே, 2022 டிசம்பர் 16 விடியற்காலையில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியில் மண் சரிந்து 31 பேர் செத்தார்கள். கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைகள் உட்பட. அங்கே கேம்பிங் நடத்த உரிமமே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இன்றைக்கும் இடம் புக் செய்யும்போது "லைசென்ஸ் இருக்கா, மேலே சரிவை வெட்டியிருக்கீங்களா" என்று கேட்டால் குழுவில் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வி, "பிளக் பாயிண்ட் இருக்கா?"

எளிய கேம்பிங் என்றால் சாமியாராகப் போகச் சொல்லவில்லை. ஒரு டென்ட், ஒரு பாய், சின்ன கேஸ் அடுப்பு, தலையில் மாட்டும் விளக்கு, டிபன் கேரியரில் வீட்டுச் சோறு. முதுகில் தூக்க முடியாத எதுவும் வேண்டாம். அந்த ஒரு விதியிலேயே கெனரேட்டர் கழன்றுவிடும். பாத்திரத்தை ஓடையில் முக்காதீர்கள். போத்தலில் "மக்கும் சோப்பு" என்று எழுதியிருந்தாலும் அது மக்குவதற்கு மண் வேண்டும். வாளியில் மொண்டு, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய்க் கழுவி, தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். கழிவறை இல்லாத இடத்தில் வெளிக்குப் போவதற்கும் அதே தூரம்தான், ஒரு சாண் ஆழம் தோண்டி மூட வேண்டும். வெட் டிஷ்யூவைப் புதைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை, உங்கள் பேரப்பிள்ளை தோண்டினாலும் அப்படியே கிடைக்கும்.

நடத்துகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசலில் மூங்கில் வளைவு, பச்சை எழுத்தில் "ஈக்கோ". உள்ளே போனால் சரிவை வெட்டிச் சமன் செய்து சிமெண்ட் தளம், அதன் மேல் ஏர்கோன் மாட்டிய கூடாரம். கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று கூடவே நடந்து பார்த்தேன். ஓடைக்குப் போகிறது. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, குப்பையைத் திரும்பக் கொண்டு போனால்தான் டெபாசிட் கிடைக்கும் என்று ஒரு பலகை வைக்கலாமே என்று தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கேட்டேன். "அப்படிப் போட்டா கஸ்டமர் வரமாட்டாங்க அண்ணே" என்றார்.

வராமல் இருக்கட்டுமே! பாடத்தான் வேண்டும் என்றால் பட்டர்வொர்த்தில் காரோக்கே கடைக்கா பஞ்சம்? அங்கே ஏர்கோன் இருக்கிறது, பிளக் பாயிண்ட் இருக்கிறது, குரங்குத் தொல்லையும் கிடையாது.