தம்பி, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துப்பா

எந்தப் பத்து வருஷத்தில் வந்த சினிமாப் பாட்டு உசத்தி என்று இனி யாராவது என் முன்னால் ஆரம்பித்தால், ஓடுகிற வண்டியாக இருந்தாலும் கதவைத் திறந்து இறங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பட்டது ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

தாம்பரத்திலிருந்து கும்பகோணம். மனைவி வழியில் ஒரு வளைகாப்பு. வேன் பேசி, காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பாதிப் பேர் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்கள். நானும் அந்தப் பாதியில் சேர்ந்திருக்க வேண்டியவன். டிரைவர் தம்பி பென்டிரைவைச் சொருகினார். குணா படத்தின் 'கண்மணி அன்போடு' வந்தது. கமல் கடிதம் சொல்ல ஆரம்பிக்கிறார். வெளியே இன்னும் விடியவில்லை, ஜன்னலில் சில்லென்ற காற்று. ஆகா என்று காலை நீட்டினேன்.

"என்ன இருந்தாலும் எய்ட்டீஸ் எய்ட்டீஸ்தான் மாப்ளே."

முன் சீட்டிலிருந்து மச்சான்.

பேசாமல் இருந்திருக்கலாம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் பேசாமல் இருந்து பழகியவன்தான் நான். ஆனால் அன்றைக்கு என்று பார்த்து வாயில் சனி. "குணா 91 மச்சான்" என்று சொல்லிவிட்டேன். மூன்றே வார்த்தை.

"தம்பி, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துப்பா."

பாட்டு நின்றது. மச்சான் முழு உடம்பையும் பின்னால் திருப்பினார். சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறது, அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பட்டாவில் பெயர் மாறி விழுந்தவரின் முகம்.

"எது 91?"

"குணா. தளபதி வந்த அதே தீபாவளி."

"சரி, குணாவை விடுங்க. செந்தூரப்பூவே?"

"16 வயதினிலே. 77."

"செந்தாழம் பூவில்?"

"முள்ளும் மலரும். 78."

"ராக்கம்மா கையத் தட்டு? பிபிசிக்காரன் உலகம் பூரா ஓட்டெடுத்து நாலாவது இடம் கொடுத்தான், தெரியுமா?"

"ஓட்டெடுத்தது 2002. அது தளபதி பாட்டு, அதே 91 தீபாவளி."

பரனூர் டோல்கேட் வந்தது. மச்சான் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். முடிந்தது, இனி பாட்டு கேட்கலாம் என்று நினைத்தேன். வேன் டோல்கேட்டைத் தாண்டியதும் மெதுவாகத் திரும்பிச் சொன்னார்: "எய்ட்டீஸ்ங்கிறது வருஷக் கணக்கு இல்ல மாப்ளே. அது ஒரு ஃபீலிங்."

இதற்கு என்ன பதில் சொல்வது? 1976இல் வந்த அன்னக்கிளியில் ஆரம்பித்து 1991 தீபாவளி வரை கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டால், அது பத்தாண்டா, புறம்போக்கு நிலமா? அவருக்கு அதற்கு அவசியமும் இல்லை. ஜானி, மூன்றாம் பிறை, சிந்து பைரவி, மௌன ராகம், நாயகன், கரகாட்டக்காரன் என்று சொந்த பீரோவிலேயே அவ்வளவு நகை இருக்கிறது. பிறகு எதற்குப் பக்கத்து வீட்டு பீரோவில் கை விட வேண்டும்?

"தம்பி, பாட்டைப் போடுப்பா" என்றேன். போட்டார். அந்த வண்டி ஸ்டீரியோவில் ஒரு வியாதி. நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடாது, முதலிலிருந்துதான். கமல் மறுபடி கடிதம் சொல்ல ஆரம்பித்தார். மச்சான் ஸ்டீரியோவின் திரையை எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே! ஃபோல்டர் பேரைப் பாருங்க! எய்ட்டீஸ் மெலடின்னு போட்டிருக்கு!"

சரி, தீர்ந்தது. அரசிதழிலேயே வந்துவிட்டது. நான் போனில் தேடிக் காட்டிய வருஷம் செல்லாது, யாரோ கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே பெயர் வைத்த ஃபோல்டர் செல்லும். டிரைவர் தம்பி பாவம், "அண்ணே, அந்த ஃபோல்டர் நான் போட்டதில்ல, கடைல மொத்தமா ஏத்திக் கொடுத்தாங்க" என்றார். யார் காதில் விழுந்தது?

இந்த இடத்தில் மச்சான் பையன் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றினான். பதினேழு வயது. "மாமா, இது மஞ்சும்மல் பாய்ஸ் பாட்டு."

"டேய், அது குணா பாட்டுடா. அந்த மலையாளப் படத்துக்காரங்க எடுத்துப் போட்டது."

"நான் தியேட்டர்ல கேட்டேன் மாமா. அப்போ 2024 பாட்டுதானே?"

அவன் தர்க்கப்படி பார்த்தால் தாஜ்மகால் அவன் பத்தாம் வகுப்புச் சுற்றுலாவின்போது கட்டப்பட்டது. சரி, உங்கள் காலத்துப் பாட்டு என்று ஒன்றாவது சொல், கொலவெறியாவது சொல் என்றேன். "அது ரொம்பப் பழைய பாட்டு மாமா" என்று சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டான். 2011 பாட்டு ரொம்பப் பழசாம். அன்றைக்கு இடுப்பு வலியோடு இறங்கியதற்கு வேன் சீட் மட்டும் காரணமில்லை.

இவ்வளவு சத்தத்தில் மாமனார் விழித்துவிட்டார். விழித்தவர் தண்ணீர் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. "எழுதினது யாரு?" என்றார்.

"வாலி, மாமா."

"பாடினது?"

"கமலும் ஜானகியும்."

"வாலி எம்ஜிஆருக்கு எழுதின ஆளு. ஜானகி 57லயே பாட வந்தாச்சு. ரெண்டு பேருமே எங்க காலத்து ஆளுங்க. நீங்க எதுக்குய்யா சண்டை போடுறீங்க?"

ஆக, நாலரை மணி நேரமாக ஒரு நிமிஷம்கூடச் சேர்ந்தாற்போல் ஓடாத ஒரே பாட்டுக்கு நான்கு பத்தாண்டுகள் வாரிசுரிமை கோரி நின்றன. நாலரை மணி நேரம் என்பது என் கோபத்தின் கணக்கு. கடிகாரப்படி ஒன்றரை இருக்கும்.

அடுத்து 1964. அந்த வருஷத்தைப் பற்றி என் மாமனார் பேசிக் கேட்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். கர்ணன் 64, காதலிக்க நேரமில்லை 64, புதிய பறவை 64, மூன்றும் விஸ்வநாதன் ராமமூர்த்தி, ஒரே வருஷத்தில், எங்கே இன்றைக்கு ஒருத்தனைப் போடச் சொல்லு பார்ப்போம்! அடுத்த வருஷமே அந்த இருவரும் பிரிந்ததைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அவருடைய சொந்தத் தம்பி வீட்டைப் பாகம் பிரித்தபோதுகூட அப்படித் தழுதழுக்கவில்லை என்று அத்தையே சொல்லியிருக்கிறார். இதில் மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை, 64 உண்மையிலேயே பெரிய வருஷம்தான். ஆனால் அடுத்து வந்தது பாருங்கள், "எங்க காலத்துல வரிக்கு அர்த்தம் இருந்துச்சு" என்று. குமுதம் படத்தில் வரும் 'மாமா மாமா மாமா' 1961. அர்த்தம் கேட்டேன். முறைத்தார்.

"தம்பி, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துப்பா." இது அவர்.

நான் மட்டும் யோக்கியமா? இல்லை. ரோஜா வந்த 1992 பற்றி மதுராந்தகம் நெருங்கும்வரை பேசினேன். எங்கள் ஊர் ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷ கேசட்டில் பதிந்து வாங்கியது. ஏ பக்கத்தில் கடைசியாக 'காதல் ரோஜாவே'. இடம் போதாமல் இரண்டாவது சரணத்தில் பாதி வார்த்தையோடு டக் என்று நின்றுவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த வார்த்தை நெருங்கும்போது என் உடம்பு அந்த 'டக்'குக்காகக் காத்திருக்கும். இதை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் மச்சான், "அதெல்லாம் வெறும் கம்ப்யூட்டர் சத்தம் மாப்ளே" என்றார்.

பின் சீட்டிலிருந்து என் மனைவி, "ஏண்ணா, சின்னச் சின்ன ஆசை கேசட்டைத் தேயத் தேயப் போட்டு அப்பாகிட்ட அடி வாங்கினது யாரு?" என்றாள்.

வேனில் அன்று பேசப்பட்ட ஒரே உருப்படியான வாக்கியம். மச்சான் உடனே கேட்காத மாதிரி ஏசியைக் கூட்டினார். அதே மூச்சில் அவள், "மின்னலே, காக்க காக்க, 7ஜி இதெல்லாம் யாருமே சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றும் சொன்னாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பாட்டுக்காக வாதாட வந்த ஒரே ஆள். பதில் சொல்லாத நான்கு ஆண்களில் நானும் ஒருவன் என்பதை அன்றிரவு வீட்டில் விளக்கமாகத் தெரிந்துகொண்டேன்.

எல்லாருக்கும் பதினைந்து வயதில் கேட்டதுதான் தேவாமிர்தம். அதை நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? 'எனக்கு அப்போ பதினைந்து வயது, தலையில் முடி இருந்தது, பக்கத்துத் தெருவில் ஒரு பெண் இருந்தாள்' என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? அதற்கு எதற்கு இத்தனை புள்ளிவிவரம், இத்தனை இசையமைப்பாளர்? அதிலும் இந்த ராஜாவா ரகுமானா கூட்டத்தில் தேவா பெயரை எவராவது சொல்கிறார்களா? ஆயுத பூஜை அன்று மட்டும் பாட்ஷாவின் ஆட்டோக்காரன் பாட்டு இல்லாமல் ஒரு ஸ்டாண்டிலும் பொரி கிடைக்காது. மறுநாளிலிருந்து அவர் யாரோ.

மதுராந்தகம் பக்கம் காபிக்கு நிறுத்தினோம். 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பெரிய போர்டு. அதற்கு முன்னால் அதே பெயரில் ஏழெட்டு கடை. பித்தளை டபராவில் முக்கால்வாசி நுரை. அதைக் குடித்துத் தெம்பு ஏற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். விக்கிரவாண்டியில் கும்பகோணம் ரோட்டுக்குத் திரும்பும்வரை அந்தப் பாட்டின் ஆரம்பத்தை மட்டும் பதினோரு முறை கேட்டிருக்கிறேன். எண்ணினேன். பதினோரு முறையும் கமல் கடிதத்தை ஆரம்பித்தார். ஒரு முறைகூட முடிக்க விடவில்லை. பண்ருட்டியில் டிரைவர் தம்பி பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை.

கும்பகோணம் போய்ச் சேர்ந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுத்த பிரச்சினை. திரும்பும்போது வந்த வழியா, சிதம்பரம், பாண்டி, ஈசிஆரா? மச்சான் ஈசிஆர் கட்சி, மாமனார் வந்த வழி. நானும் சளைக்காமல் இரண்டு பேருக்கும் டோல் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வளையல் அடுக்குகிறார்கள், நாங்கள் செருப்புக் குவியலுக்கு நடுவில் நிற்கிறோம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஸ்பீக்கர்ல அந்தப் பாட்டு முழுசா ஓடி முடிஞ்சுது. கேட்டீங்களா?"

முதலில் யாரும் பேசவில்லை. அப்புறம் மச்சானுக்குத்தான் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து எனக்கு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பையன் கழற்றிய இயர்போனோடு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தான்.

சரி, எல்லாம் போகட்டும் என்று உட்கார்ந்தால் காபி கொடுத்தார்கள். பேப்பர் கப்பில். இன்ஸ்டன்ட் தூள் காபி. கும்பகோணத்தில்! ஜிஎஸ்டி ரோடு முழுக்க இந்த ஊர் பெயரைச் சொல்லி நுரையை விற்கிறார்கள், இந்த ஊருக்கே வந்தால் வெந்நீரில் கரைத்த தூள்! காவிரிக் கரையில், அதுவும் ஒரு விசேஷ வீட்டில், ஒரு டிகாஷன் இறக்க ஆள் இல்லையா?

மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அறுபதுகள்ல எல்லாம் இந்த ஊர்ல காபின்னா..." என்று ஆரம்பித்தார்.

மச்சான் கப்பைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.