குரூப்ல போட்டாச்சு

ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து மேலத்தெருப் பெரியவரைத் தூக்கின கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் சுற்றிவிட்டது. அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மையை வரிசையாக அடுக்கியவர்கள் யார் யார் என்பதும் தெரியும். ஒரே மத்தியானத்தில் பதினொரு வாய்ஸ் மெசேஜ், எல்லாவற்றிலும் மிக்சி சத்தம், காக்கா சத்தம். தொந்தரவாம். தூக்கியாச்சு.

நாலாம் நாள் கீழத்தெருவில் அவருடைய சிநேகிதர் தவறிப்போனார். தஞ்சாவூரிலிருந்து வண்டி வந்தது பன்னிரண்டு மணிக்கு, எடுத்தது மூன்று மணிக்கு. குரூப்பில் போஸ்டர் வந்தது, நூறு பேர் கைகூப்பினார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல சிநேகிதர் வீட்டுத் திண்ணைக்குப் பேப்பர் பார்க்கப் போனவர், வாசலில் பந்தல் பிரிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

கேட்டால் ஒரே பதில்: "குரூப்ல போட்டாச்சே." போட்டாச்சு என்பது வேறு, சொல்லியாச்சு என்பது வேறு ஐயா.

முதலில் அந்தப் பதினொரு மெசேஜ். மைக் படத்தைப் பார்த்தால் யாருக்கும் பேசலாம் என்றுதான் தோன்றும். அழுத்திக்கொண்டு போனைக் காதில் வைக்கிறார்கள். அந்தப் பக்கம் "ஹலோ" வரும் என்று காத்திருக்கிறார்கள். வரவில்லை, விரலை எடுக்கிறார்கள், மிக்சி சத்தம் குரூப்புக்குப் போய்விடுகிறது. கை நடுக்கம் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். கட்டைவிரல் இடப்பக்கம் நழுவினால் பேசியதெல்லாம் அழிந்துவிடும். அவரோ அனுப்பிவிட்டதாக நினைத்துப் பதிலுக்கு உட்கார்ந்திருப்பார். இதற்கு வழி ரொம்ப எளிது. மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டு விழும். விரலை எடுத்துவிட்டு, போனை மேசையில் வைத்து, நிதானமாகப் பேசி, கடைசியில் அம்புக்குறியைத் தொட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நாலு தடவை செய்யவைத்தால் வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. தூக்குவதற்கு இரண்டு விநாடி போதும் என்பதால் அதைச் செய்தோம்.

"குரூப்னா ஒரு ஒழுங்கு வேணாமா?" வேணும், தாராளமாக. அதற்குத்தான் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. சாவு, தண்ணீர், கரண்ட், ரேஷன், கொள்முதல் நிலையம் திறக்கும் தேதி, இதற்கெல்லாம் ஒரு குரூப். மாம்பழமும் குட்மார்னிங்கும் இன்னொன்றில். அறிவிப்பு குரூப்பில் போஸ்டர் படம் போடாதீர்கள். கண்புரை உள்ளவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் படிக்கும்போது படம் ஓடிக்கொண்டே இருக்கும். இருபது விநாடிக் குரல் போதும். யார், எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அத்தை போனில் ஒருநாள் போன் பண்ணும் பொத்தானையே காணவில்லை. எங்கே போகும்? முதியவர்கள் லேசாகத் தொடுவதில்லை, அழுத்திப் பிடிக்கிறார்கள். ஐகான் நகர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று இருக்கும், அதை 'லாங்' ஆக்கினால் பாதித் தொல்லை தீரும். ரிங்டோனை மாற்றுங்கள். வயதானால் முதலில் போவது கீச்சுச் சத்தம் கேட்கும் திறன். கீச்சென்ற மணிச் சத்தம் அவர்களுக்குச் சரியாகக் கேட்காது, தவில் மாதிரி அடித்தொண்டைச் சத்தம் கேட்கும். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இடம் நிறைந்து போன் ஆமையாகிவிடும்.

"ஏமாத்துறாங்களே, போன் கொடுக்கவே பயமா இருக்கு" என்கிறார்கள். நியாயமான பயம். வாட்ஸ்அப் பிரைவசியில் குரூப்பில் சேர்ப்பதை 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள், தெரியாத எண் அழைப்பு ஒலிக்காமல் வையுங்கள், ஓடிபி கேட்டால் வைத்துவிடு என்று சொல்லிக்கொடுங்கள், பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. கேட்டைப் பூட்டலாம், மனுஷனை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டாம்.

பட்டன் போன்காரர்கள்? அவர்களை எந்த குரூப்பிலும் சேர்க்கவே முடியாது. ஒரு தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் ஒன்பது பேர் என்றால் மூன்று பேர் ஆளுக்கு மூன்று வீடு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு வருகிற மாதிரி ஸ்பீட் டயல். காலை எட்டுக்குள் ஒரு மிஸ்டு கால். வராவிட்டால் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு உட்காராமல் போய்க் கதவைத் தட்டுங்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. ரீசார்ஜ் தீர்ந்தால் கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை போட மறப்பான். ஞாபகப்படுத்தும் எஸ்எம்எஸ் அம்மா போனுக்கு வரும், ஆங்கிலத்தில். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், விதி போட்டது, 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம் என்றும் சொன்னது. நெட் வேண்டாதவர்களுக்கு அதைப் போடுங்கள். கடையில் நாமாகக் கேட்டால்தான் எடுத்துச் சொல்வார்கள்.

எண்களைத் தாளில் பெரிதாக எழுதி சுவிட்ச்போர்டு பக்கத்தில் ஒட்டுங்கள். 108, முதியோர் உதவிக்கு 14567, கரண்டுக்கு மின்னகம் 94987 94987, புயல் நேரத்துக்கு 1077. தாள் எதற்கா? 2018 நவம்பர் 16ஐ மறந்துவிட்டீர்களா? கஜா அடித்த அன்று டவரும் இல்லை, கரண்டும் இல்லை. சார்ஜ் இறங்கிய போனுக்குள் இருக்கும் நம்பர் யாருக்கு உதவியது?

"அந்தக் காலத்துல ஆள் விட்டுச் சொன்னாங்க, இப்ப முடியுமா?" அந்த ஆள் வேலையை யார் தலையில் கட்டியிருந்தோம் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அது ஒழிந்தது நல்லது. 2022இல் அரசு தண்டோராவையும் வேண்டாம் என்றது, சரிதான். ஆனால் அடுத்த வாசலுக்கு நாமே நடந்துபோய்ச் சொல்லலாம் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள், அங்கேதான் எரிகிறது. பைக்கில் போனால் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் ஒன்றரை நிமிஷம்.

"இவ்வளவு பேசுற நீங்க ஏன் போய்ச் சொல்லல?" கமெண்டில் வரும் முன்னே நானே சொல்லிவிடுகிறேன். போஸ்டரைப் பார்த்தேன், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். நூறு கைகூப்பில் ஒன்று என்னுடையது.

அட்மின் அவரை மறுபடி சேர்க்கப் போவதாகக் கேள்வி. நல்லது. இங்கிருந்தபடியே சேர்த்துவிட்டுக் கைதட்டாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், அந்தப் பூட்டு போடும் வித்தையைக் காட்டுங்கள். கடைசியாக யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று அவர் கேட்பார். அவசரப்படாமல் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள்.