அந்த இரண்டு புள்ளிகளை விட்டுவிடாதீர்கள்

என்னிடம் ஜெர்மன் படிக்கும் ஒரு நர்ஸ் தங்கை போன வாரம் வேலை விண்ணப்பம் ஒன்றை அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றாள். தெருப் பெயர் 'ஸ்ட்ராஸ' என்று முடிய வேண்டும். அதில் 'ஸ்' ஒலிக்கான எஸ்செட் (ß) என்ற ஜெர்மன் எழுத்து வர வேண்டிய இடத்தில் ஆங்கில 'பி' உட்கார்ந்திருந்தது. ஊர் கோல்ன். அந்த 'ஓ'வின் தலையில் வர வேண்டிய இரண்டு புள்ளி (ö) இல்லவே இல்லை. கேட்டால், முன்பு படித்த பயிற்சி மையத்தில் "புள்ளி போடாட்டியும் அவங்களுக்குப் புரியும்" என்று சொல்லிக்கொடுத்தார்களாம். எனக்கு மனசே ஆறவில்லை.

புள்ளி போனால் சொல்லே மாறிவிடுகிறது. 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே'. அதே 'ஓ'வுக்கு இரண்டு புள்ளி வைத்தால் 'அழகான'. கடைக் கதவில் 'தள்ளவும்' என்று எழுதியிருக்கும் சொல்லில் புள்ளியை எடுத்துவிட்டால் 'அச்சடிக்கவும்' ஆகிவிடும். 'கால்' என்பதில் துணைக்காலை விட்டுவிட்டு, "படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்று ஒரு தமிழ் வாத்தியார் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

எஸ்செட் இன்னும் பாவம். பார்க்க 'பி' மாதிரி இருக்கிறதே தவிர, 'பி'க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய நீள 'எஸ்'ஸும் 'இஸட்'டும் ஒட்டிப் பிறந்த எழுத்து அது. பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. இதை எங்கே போடுவது என்பது குறில் நெடில் தெரிந்த நமக்கு ரொம்பச் சுலபம். நெடிலுக்கும் 'ஐ', 'ஔ' போன்ற கூட்டொலிக்கும் பின்னால் எஸ்செட், குறிலுக்குப் பின்னால் இரட்டை 'எஸ்'. பாதம் 'ஃபூஸ்', நெடில், அதனால் எஸ்செட். ஆறு 'ஃப்லுஸ்', குறில், அதனால் இரட்டை 'எஸ்'. முன்பு இரண்டையுமே எஸ்செட் வைத்துத்தான் முடித்தார்கள். 1996 ஜூலை 1 அன்று வியன்னாவில் கையெழுத்தான எழுத்துச் சீர்திருத்தம்தான் இதைப் பிரித்தது. ஜெர்மனியில் அதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. ஃப்ராங்ஃபுர்ட்டர் அல்கமைன பத்திரிகை 2000இல் பழைய எழுத்துமுறைக்கே திரும்பிப் போய், 2007இல்தான் மறுபடி வந்தது. வயதானவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த ஒரு விதியில் நான் சீர்திருத்தத்தின் பக்கம்தான். எழுத்தைப் பார்த்தாலே உச்சரிப்பு தெரிகிறது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுவிட்சர்லாந்தில் எஸ்செட்டே கிடையாது, எல்லாம் இரட்டை 'எஸ்'தான். அங்கே அபராதத்துக்கும் பல பேருந்துகளுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். 'அளவோடு குடி' என்பதும் 'ஏராளமாகக் குடி' என்பதும் எழுத்தில் ஒன்றாகிவிடும். பழகியவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், சரி. புதிதாகப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? பெரிய எழுத்தில் எழுதுவதற்கென்று எஸ்செட்டுக்குத் தனி வடிவம் ஒன்றை 2017 ஜூன் 29 அன்று விதிகளில் சேர்த்தார்கள். வேண்டாத எழுத்துக்கா இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

விசைப்பலகையில் புள்ளி இல்லையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆங்கில 'இ' (e) சேருங்கள். எஸ்செட்டுக்கு இரட்டை 'எஸ்' போடுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியிலும் இப்படித்தான் வரும். அந்தப் புள்ளிகளே ஒரு காலத்தில் எழுத்தின் தலைமேல் எழுதிய குட்டி 'இ'தான். பழைய கையெழுத்தில் அது இரண்டு கோடாகச் சுருங்கி, பிறகு புள்ளியாயிற்று. புள்ளியும் இல்லாமல் 'இ'யும் இல்லாமல் மொட்டையாக விடுவதுதான் தப்பு.

தங்கையிடம், போனில் 'எஸ்'ஸையும் 'ஓ'வையும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். "ஐயோ அக்கா, இதுக்குள்ளயே இருக்கு!" என்றாள். பத்து நிமிடத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. கோல்னில் இரண்டு புள்ளியும் இருந்தன.