வயலில் இறங்கினால் அது விபத்தா?

ஜெர்மனியில் கிளைடர் எனும் எஞ்சின் இல்லாத விமானம், மேலே தூக்கும் காற்று கிடைக்காமல் அறுத்த கோதுமை வயலில் இறங்கினால், சாலையில் போகிற யாராவது பதறிப்போய் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிடுகிறார்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்து நிற்கும்போது, விமானி கிளைடரை ஏற்றிப்போகும் டிரெய்லரை எங்கே கொண்டுவர வேண்டும் என்று போனில் வழி சொல்லிக்கொண்டிருப்பார். செய்தியில் மட்டும் அது 'அவசரத் தரையிறக்கம்' ஆகிவிடும். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

ஜெர்மன் மொழியே இரண்டையும் பிரித்துத்தான் சொல்கிறது. நோட்லாண்டுங் என்றால் அவசர இறக்கம். ஆவுசன்லாண்டுங் என்றால் விமானத் திடலுக்கு வெளியே இறங்குவது, அவ்வளவுதான். அந்நாட்டு விமானச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும், இறங்குமிடத்தை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாத வானூர்திக்கு இப்படி வெளியே இறங்க அனுமதி தருகிறது. பெயர், முகவரி, காப்பீட்டு விவரங்களைக் கொடுத்துவிட்டால், நிலத்துக்காரர் கிளைடரை எடுத்துப்போக விடாமல் தடுக்க முடியாது.

ஏஎஸ்கே 21 என்ற பயிற்சிக் கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 34 மீட்டர் முன்னே போகும். காற்றில்லாத வானில் 300 மீட்டர் உயரம் என்பது 10 கிலோமீட்டர். எதிர்க்காற்றும் கீழிறங்கும் காற்றும் சேர்ந்தால் அதில் பாதிகூட மிஞ்சாது. அதனால்தான் தோராயமாக 600 மீட்டரில் நல்ல வயல்கள் உள்ள பகுதிக்குப் போய்விட வேண்டும், 450-இல் ஒரு வயலை முடிவு செய்ய வேண்டும், 300-இல் இறங்குவதற்கான சுற்றுப்பாதையைத் தொடங்கிவிட வேண்டும் என்று பழக்குகிறார்கள்.

வயலைத் தேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜூலையில் முதலில் அறுவடையாகும் பார்லி வயலில் மிஞ்சும் அடித்தாள் அருமையான தரை. ஆளுயர மக்காச்சோளம் ஆபத்து: இறக்கை நுனி ஒரு பக்கம் பயிரில் சிக்கினால் கிளைடர் சுழன்று வால்பகுதி முறியும். மேலிருந்து பார்க்கும்போதே சரிவு தெரிகிறதென்றால் அது செங்குத்துதான். காற்று பின்னாலிருந்து வீசினாலும் மேட்டை நோக்கியே இறங்க வேண்டும். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பங்களைத் தேடி, இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வயல் ஓரத்தில் 15 மீட்டர் மரம் நின்றால் ஏறக்குறைய 150 மீட்டர் நீளம் போய்விட்டதாகக் கணக்கிடுங்கள். மாடு மேயும் நிலம் வேண்டாம். இறக்கையை நக்கியும் உரசியும் கெடுத்துவிடும்.

உண்மையான அவசரம் வேறிடத்தில் பிறக்கிறது. 200 மீட்டரிலும் 'இன்னொரு தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) கிடைக்கும்' என்று வட்டமடிப்பவர், கடைசியில் கிடைத்த வயலுக்குள் வேகம் குறைந்த நிலையில் தாழ்வாகத் திரும்புகிறார். கிளைடர் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, சுழன்று விழுகிறது. அந்த உயரத்தில் மீட்கவே முடியாது. வெளியே இறங்குவதை அவமானமாக நினைப்பவர்தான் இப்படித் தள்ளிப்போடுகிறார். 'அவசரம்' என்ற சொல் அந்தக் கூச்சத்தை வளர்க்கிறது. என் கோபம் அதனால்தான்.

வயலில் கிளைடர் நிற்பதைப் பார்த்தால், பக்கத்தில் விமானி நடமாடுகிறாரா என்று முதலில் பாருங்கள். கையசைத்தால் நலம். அறுக்காத பயிர் என்றால் வரப்பிலேயே நில்லுங்கள்; பல நேரம் கிளைடரைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கால்தான் அதிகப் பயிரை மிதிக்கிறது.