பி பக்கத்திலேயே தீர்ந்துபோன சரக்கு

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு ஒயாசிஸ் வீழ்ந்ததற்கு அண்ணன் தம்பி சண்டைதான் காரணம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சண்டை எப்போது இல்லாமல் இருந்தது? 1996 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் இரண்டே இரவில் இரண்டரை லட்சம் பேர் முன்னால் வாசித்தார்கள். அதே மாதம் லண்டனில் எம்டிவி தொலைக்காட்சியின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சி. தொண்டை சரியில்லை என்று தம்பி லியாம் கழன்றுகொள்ள, அண்ணன் நோயல் கச்சேரி முழுவதையும் தானே பாடி முடித்தார். தொண்டை கட்டிய ஆள் என்ன செய்தார் தெரியுமா? பால்கனியில் உட்கார்ந்து பீரும் சிகரெட்டுமாக அண்ணனைக் கிண்டல் செய்து கத்திக்கொண்டிருந்தார். உச்சத்தில் இருந்தபோதே இந்த லட்சணம்தான்.

என் கணக்கு வேறு. கையிலிருந்த பாட்டுச் சரக்கு தீர்ந்துபோனதுதான் காரணம்.

மான்செஸ்டரில் வேறொரு இசைக்குழுவுக்குக் கருவிகள் தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் நோயல் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி 1994-இல் வந்த முதல் ஆல்பத்துக்கே போயிற்று. 1995-இல் வந்த இரண்டாவதும் அசுர வெற்றி. ஆனால் அந்த இரண்டு வருடங்களில் ஒற்றைப் பாட்டுக்காகத் தனியாக வந்த இசைத்தட்டுகளின், அதாவது சிங்கிள்களின், பி பக்கத்தை, உபரிப் பாட்டு போடும் பின்பக்கத்தை, புரட்டிப் பாருங்கள். 'ஹாஃப் த வேர்ல்ட் அவே', 'த மாஸ்டர்பிளான்', 'அக்வியஸ்'. மற்ற குழுக்கள் ஒப்புக்கு எதையாவது போட்டு நிரப்பும் இடம் அது, இவர்கள் அங்கே தங்கத்தைக் கொட்டினார்கள். 'அக்வியஸ்' பாட்டில் சரணத்தை லியாம் கரகரவென்று இழுத்து நிறுத்த, பல்லவிக்கு நோயல் மேலே ஏறி வாங்கிக்கொள்வார், ஒருவர் குரல் இன்னொருவர் தோளில் கைபோட்ட மாதிரி இருக்கும். அதைப் போய்ப் பின்பக்கத்தில் வைத்தார்கள்!

இவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் மூன்றாவது ஆல்பம் எங்கேயோ போயிருக்கும். வந்தது 'பி ஹியர் நவ்', 1997 ஆகஸ்ட். முதல் நாளே பிரிட்டனில் நாலு லட்சத்துக்கு மேல் விற்றது, விமர்சகர்களும் ஆஹா ஓஹோ என்றார்கள். நிதானமாகக் கேட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டி இழுக்கிறது, கிடார் மேல் கிடார் மேல் கிடார், ஒரு பாட்டு ஒன்பது நிமிடம். "போதும்பா, வெட்டு" என்று சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. (கையில் அவ்வளவு பணமும் கொக்கைனும் இருக்கும்போது யார் சொல்வார்கள்?) 2006-இல் தொகுப்பு ஆல்பம் போட்டபோது இதிலிருந்து ஒரு பாட்டைக்கூட எடுக்கவில்லை. 'பி ஹியர் நவ்'வுக்கப்புறம் மொத்தம் நாலு ஆல்பம் வந்தது. ஆல்பத்துக்கொரு நல்ல பாட்டு தேறும், அவ்வளவுதான். 2009-இல் பாரிஸில் மேடைக்குப் பின்னால் சண்டையில் கிடார் உடைந்து, நோயல் குழுவை விட்டுக் கிளம்பிப் போனது வெறும் ஈமச்சடங்கு, உயிர் எப்போதோ போய்விட்டது.

சந்தேகமிருந்தால் 2025 ஜூலையில் கார்டிஃபில் மறுபடி சேர்ந்து மேடையேறியபோது பாடிய பட்டியலைப் பாருங்கள். 2000-க்குப் பிறகு எழுதியதில் 'லிட்டில் பை லிட்டில்' ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதாக எடுத்த பாட்டு? 'அக்வியஸ்'.