படிக்க உட்கார்ந்தால் ஓடிபி கேட்கிறது

நேற்று ராத்திரி மறுபடியும் கரண்ட் போனது. சரி, டேப்லெட்டில் புத்தகத்தை இறக்கி வைத்திருக்கிறோமே, படிக்கலாம் என்று எடுத்தேன். சார்ஜ் 18 சதவீதம். புத்தகத்தைத் தொட்டால், ‘கணக்கைச் சரிபார்க்க மீண்டும் உள்நுழையவும்’ என்கிறது. காசு கொடுத்து வாங்கி, இறக்கியும் வைத்த புத்தகத்துக்கு எதற்கு உள்நுழைவு?

பாஸ்வேர்டு போட்டேன். இணையம் இல்லை என்றது. கரண்டோடு வைஃபையும் போயிருந்தது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் ஒரே ஒரு கோடு சிக்னல். கரண்ட் இல்லாத நேரத்தில் செல்போன் கோபுரமும் பேட்டரியில்தானே ஓட வேண்டும்! மாடிக்கு ஏறினேன். ஓடிபி அனுப்பியாயிற்று என்றது; வரவில்லை. இன்னொன்று கேட்டேன். அப்புறம் முதலில் கேட்டது வந்து சேர்ந்தது. போட்டால், காலாவதி. 9 சதவீதம். இன்னொன்று, இன்னொன்று. நான்காவது தடவை உள்ளே விட்டது. விட்டதும், ‘செயலியைப் புதுப்பிக்கவும்’. அதோடு திரை அணைந்துபோனது.

ஒரு வரி படிக்கவில்லை. முக்கால் மணி நேரம்!

வளரும் நாடுகளுக்கு மின்னூல்தான் வழி, அச்சுக்குத்தான் காகிதம், அச்சகம், லாரி, கிடங்கு எல்லாம் வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பாடெல்லாம் புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே, ஒரே தடவையில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பகல் வெளிச்சம் போதும். மின்னூலுக்கோ மின்சாரம், சிக்னல், கருவி, எங்கோ ஓடும் சர்வர் என்று அத்தனையும் திறக்கிற ஒவ்வொரு தடவையும் வேண்டும். அந்தப் பாடு முழுக்கப் படிக்கிறவர் தலையில். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புத்தகத்தை?

பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் 200 புத்தகங்கள் போட்டுக் கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வு, பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. அந்தக் கிராமப் பள்ளிகளில் இணையம் இருந்ததே அபூர்வம். கருவியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்ததென்று எப்படித்தான் நினைக்கிறார்களோ!

காலையில் கரண்ட் வந்தது. சார்ஜ் போடலாம் என்றால் வயரின் முனை பொருந்தவில்லை. இந்த முனையை எதற்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? மேசை டிராயர் நிறைய வயர். ஒன்றுகூட நுழையவில்லை!